1924 மார்ச்சில் ஈரான் குடியரசாகியிருந்தால்?

வழிப்போக்கன்:

மாற்று வரலாறு என்றாலே நாம் பிரான்ஸ், ரஷ்யா என்றுதான் சுற்றிவருகிறோம். முடியாட்சி குடியரசாக மாறும் தறுவாயில் கைநழுவிப்போன இன்னொரு நாடு இருக்கிறது. 1979க்கு 55 ஆண்டுகள் முன்பே ஈரானில் குடியரசு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியது. சில நாட்களில் தவறிப்போனது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1906இல் மக்கள் போராடி, கஜார் அரசரிடமிருந்து அரசியலமைப்பையும் மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றத்தையும் வாங்கினார்கள். அடுத்து வந்த முகமது அலி ஷா 1908இல் அந்த மஜ்லிஸைப் பீரங்கி வைத்துத் தகர்த்தார். மறு ஆண்டே அவரைத் துரத்திவிட்டு, 11 வயதுப் பையன் அகமது ஷாவை அரியணையில் உட்கார வைத்தார்கள். அப்புறம் உலகப் போர், வெளிநாட்டுப் படைகள், பஞ்சம். 1921 பிப்ரவரியில் கொசாக் படையின் தளபதி ரெசா கான், பத்திரிகையாளர் சையத் ஜியாவோடு சேர்ந்து தெஹ்ரானைப் பிடித்தார். மூன்றே மாதத்தில் ஜியா நாடு கடந்தார். 1923 அக்டோபரில் ரெசா கான் பிரதமரானார். அகமது ஷா ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அதே அக்டோபரில் துருக்கி குடியரசாகிவிட்டது. 1924 தொடக்கத்தில் தெஹ்ரான் பத்திரிகைகள் குடியரசு, குடியரசு என்று எழுதின. மாகாணங்களிலிருந்து ராணுவத் தளபதிகளின் ஏற்பாட்டில் தந்திகள் குவிந்தன. மார்ச் 21 நவ்ரூஸ், அதாவது புத்தாண்டு. அதற்குள் மஜ்லிஸில் வாக்கெடுப்பு முடிந்துவிட வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ரெசா கான், குடியரசுத் தலைவர் ஆவதற்குப் பதிலாக ஷா ஆனார்.

என் கற்பனை இதுதான். வாக்கெடுப்பு நடக்கிறது, ரெசா கான் முதல் தலைவராகிறார். அப்படி நடந்திருந்தால் அந்நியப் படைகள் நுழைந்த 1941இலும், பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்த 1953இலும் ஈரான் வேறு பாதையில் போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

கல்வெட்டு:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் "வாக்கெடுப்பு நடக்கிறது" என்று ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள். அந்தச் சில நாட்களில்தான் எல்லாமே இருக்கிறது.

ஐந்தாவது மஜ்லிஸ் அப்போதுதான் கூடியிருந்தது. ததய்யுன் தலைமையிலான புதுப்பித்தல் கட்சிக்காரர்கள் குடியரசுப் பக்கம். சோஷலிஸ்டுகளும் அதே பக்கம்தான். அவர்களுடைய தலைவர் சுலைமான் மிர்சா கஜார் குடும்பத்து இளவரசர். தன் குடும்பத்து முடியையே இறக்கக் கை தூக்கியவர்! எதிரே மொதர்ரெஸ் என்ற மதகுருவும் அவருடைய சிறுபான்மைக் குழுவும். ஆள்பலம் இல்லாததால் மொதர்ரெஸ் காலம் கடத்தினார். உறுப்பினர்களின் தேர்வுச் சான்றை ஒவ்வொன்றாக எதிர்த்து, நவ்ரூஸ் வரை இழுத்தடிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் குடியரசுப் பக்க உறுப்பினர் ஒருவர், பஹ்ராமி என்பவர், மஜ்லிஸ் வளாகத்திலேயே மொதர்ரெஸை அறைந்துவிட்டார். செய்தி கடைத்தெருவுக்குப் போனது, கடைகள் மூடின. நடுவில் நின்ற உறுப்பினர்கள் விலகினார்கள். மார்ச் 22 அன்று பஹாரெஸ்தான் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. ரெசா கான் வந்திறங்க, படைவீரர்கள் கூட்டத்தை அடித்தார்கள். மஜ்லிஸ் தலைவர் மோத்தமென் உல் முல்க், பிரதமர் என்றும் பாராமல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். மக்கள் மன்றத்தின் வாசலில் மக்களை அடிக்க உனக்கு என்ன உரிமை என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே உங்கள் வரலாறு கிளை பிரிய வேண்டிய இடம் பஹ்ராமி விட்ட அந்த அறை. அது விழாமல் இருந்தால் நடுநிலை உறுப்பினர்கள் 20 பேரோ 30 பேரோ குடியரசுப் பக்கம் தங்கியிருக்கலாம்.

பனையோலை:

கல்வெட்டு அண்ணா சொல்வது மஜ்லிஸுக்குள் சரி. வெளியே இன்னொரு பெரிய சுவர் இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கதை நிற்காது.

1924 மார்ச் 3 அன்று துருக்கி, முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியான கிலாபத்தை ஒழித்தது. தெஹ்ரானில் குடியரசுப் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த அதே மாதம். அதுவரை குடியரசு என்றால் என்ன என்று கேட்ட கடைக்காரருக்கு அந்தச் செய்தி ஒரு பதிலைத் தந்துவிட்டது: மதத்தை ஆட்சியிலிருந்து வெளியேற்றுவது. மதகுருக்கள் அகமது ஷா மேல் பாசம் வைத்து எதிர்க்கவில்லை. அஞ்சி எதிர்த்தார்கள்.

அந்த அச்சத்துக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. அரசியலமைப்பின் 1907 துணைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மஜ்லிஸ் இயற்றும் சட்டங்கள் மார்க்கத்துக்கு முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ள ஐந்து மார்க்க அறிஞர்கள் கொண்ட குழு வேண்டும் என்கிறது. நடைமுறையில் அது செயல்படவில்லை என்றாலும் ஏட்டில் இருந்தது. குடியரசு என்றால் புதிய அரசியலமைப்பு. புதிதாக எழுத உட்கார்ந்தால் 2ஆம் பிரிவு தப்புமா? அரச வம்சத்தை மாற்றுவதற்கோ ஒருசில பிரிவுகளைத் திருத்தினால் போதும். 1925இல் அதைத்தான் செய்தார்கள். மதகுருக்கள் அதற்கு ஒத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

நாயினி, இஸ்பஹானி போன்ற பெரிய முஜ்தஹிதுகள், அதாவது மூத்த மார்க்க அறிஞர்கள், இராக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு அப்போது ஈரானின் மத நகரமான கோமில்தான் இருந்தார்கள். ரெசா கான் அங்கே போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்துதான், குடியரசுப் பேச்சை நிறுத்துங்கள் என்று அறிக்கை விட்டார். ஆகவே உங்கள் வரலாற்றில் பஹ்ராமியின் கையைக் கட்டினால் மட்டும் போதாது. துருக்கியில் கிலாபத் இன்னும் ஓர் ஆண்டு தாங்க வேண்டும்.

நீலவானம்:

எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். ரெசா கான் ஷா ஆனாலும் ராணுவம் அவர் கையில், தலைவர் ஆனாலும் அவர் கையில். பெயர்ப்பலகை மாறுவதால் என்ன மாறும்? கவிஞர் மிர்சாதே எஷ்கி குடியரசை விரும்பாதவர் அல்ல. ஆனால் இந்தக் குடியரசு ஒரு ராணுவத்தானின் வேஷம் என்று எழுதினார். 1924 ஜூலையில் தெஹ்ரானில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அப்படிப்பட்ட குடியரசில் யார் மூச்சு விட்டிருக்க முடியும்?

வழிப்போக்கன்:

நீலவானம், உங்கள் கேள்விதான் முக்கியம். ரெசா கான் வாழும்வரை பெரிய வித்தியாசம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். சிறைகள் இருக்கும், பத்திரிகைகள் மூடப்படும், எஷ்கி அப்போதும் கொல்லப்படுவார். நான் பேசுவது அவருக்குப் பின் என்ன என்பதைப் பற்றி.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம், பட்டங்களை ஒழித்தது, குடும்பப் பெயர் வைக்கும் சட்டம், சூரிய நாட்காட்டி, ரயில் பாதைக்காகச் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் போட்ட வரி, எல்லாமே ஐந்தாவது மஜ்லிஸ் காலத்தில், ரெசா கான் பிரதமராக இருந்தபோதே நிறைவேறியவை. நாட்டைக் கட்ட முடி தேவைப்பட்டது என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

முடி எதற்குத் தேவைப்பட்டது? மகனுக்குக் கொடுக்க. ஷா ஆன பிறகு மாசந்தரானில் அவர் வளைத்துப் போட்ட நிலங்களைப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார் ஆகிவிட்டார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கும் தலைவர் திருடமாட்டார் என்று சொல்லவில்லை. ஆனால் வம்சம் நிலைக்கும் என்ற எண்ணம்தான் அந்தப் பசியை அவ்வளவு பெரிதாக்கியது. தன் அமைச்சர்களிலேயே தைமுர்தாஷைச் சிறையில் சாகவிட்டதும், சர்தார் அசதை ஒழித்ததும், தாவர் தற்கொலை செய்துகொள்ளும் நிலைக்குப் போனதும் வேறு எதனால்? நாளைக்கு மகனுக்குப் போட்டியாக வரக்கூடிய திறமையான ஆள் ஒருவரும் மிஞ்சக் கூடாது. வாரிசு என்ற கவலை இல்லாத தலைவருக்கு இவர்களை அழிக்க அவ்வளவு காரணம் இருந்திருக்காது.

சதுரங்கம்:

இந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. வாரிசே இல்லாத சர்வாதிகாரிகளும் கூட இருந்தவர்களைக் கொன்றிருக்கிறார்கள். ஸ்டாலின் யாருக்காகக் கொன்றார்?

துருக்கியோடு ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல். அத்தாதுர்க்கையும் பேரவைதான் தேர்ந்தெடுத்தது. 1927, 1931, 1935 என்று திரும்பத் திரும்ப. 1938 நவம்பர் 10இல் அவர் இறந்தார், மறுநாளே பேரவை கூடி இனோனுவைத் தேர்ந்தெடுத்தது. 1950இல் எதிர்க்கட்சி ஜெயித்தது, இனோனு இறங்கிப் போனார். இதைப் பார்த்துத்தான் வழிப்போக்கன் ஆசைப்படுகிறார், புரிகிறது. ஆனால் அத்தாதுர்க்குக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. ஊர் ஊராகக் கிளை, உறுப்பினர்கள், இரண்டாம் நிலைத் தலைவர்கள். ரெசா கானுக்குப் படைதான் இருந்தது. தனக்கு ஆதரவாகத் தொடங்கிய கட்சிகளையே அவர் வளரவிடவில்லை. கட்சி இல்லாத குடியரசுத் தலைவர் இறந்தால் அடுத்தவரைத் தேர்வது மஜ்லிஸா, தெஹ்ரான் படைப்பிரிவின் தளபதியா? எனக்குத் தெரிந்து இரண்டாவதுதான். ஈரான் துருக்கியைப் போல் ஆகியிருக்காது. 1949க்குப் பிந்தைய சிரியாவைப் போல், ஆண்டுக்கு ஒரு தளபதி என்று ஆகியிருக்கும்.

கல்வெட்டு:

சிரியா ஒப்பீடு கடுமைதான், ஆனால் தள்ளிவிட முடியாது. இதையொட்டி ஒரு சம்பவத்தை இரண்டு பக்கமும் யோசிக்கச் சொல்வேன்.

1953 பற்றிப் பேசும்போது எல்லோரும் ஷாவின், அதாவது ரெசாவின் மகனின், ஃபிர்மானைச் சொல்கிறோம். பிரதமர் மொசாதேக்கை நீக்கித் தளபதி ஜாஹேதியை நியமித்த அரச ஆணை. அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது: 1907 துணைச் சட்டம் 46ஆம் பிரிவு, அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அரசர் ஆணைப்படி என்கிறது. அரசர் இல்லையென்றால் ஃபிர்மான் இல்லை, ஃபிர்மான் இல்லையென்றால் ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சட்டப் போர்வை இல்லை. வழிப்போக்கன் இந்த வழியில்தான் வரப்போகிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் 1924 ஏப்ரலில் என்ன நடந்தது? குடியரசு முயற்சி தோற்றதும் அகமது ஷா பாரிஸிலிருந்து தந்தி அடித்தார்: ரெசா கான் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, வேறு பிரதமரைப் பாருங்கள் என்று. அதே அரசியலமைப்பு, அதே 46ஆம் பிரிவு. ரெசா கான் கோபித்துக்கொண்டு பதவி விலகி ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தார். மாகாணத் தளபதிகள், தெஹ்ரானுக்குப் படையோடு வருவோம் என்று மிரட்டினார்கள். மஜ்லிஸ் அவரையே திரும்ப அழைத்து வந்தது. அரசரின் விருப்பம் காகிதமாகவே போயிற்று.

1924இல் செல்லாத அரச ஆணை 1953இல் செல்லுபடியானது. நடுவில் மாறியது சட்டம் இல்லை. படை யார் பக்கம் என்பதுதான் மாறியது.

நீலவானம்:

கல்வெட்டு சொன்னதைப் படித்ததும் ஃபாத்தெமி ஞாபகம் வந்தார். 1953 ஆகஸ்ட் 16இல் ஷா பாக்தாதுக்கு ஓடிய பிறகு, வெளியுறவு அமைச்சர் ஹுசைன் ஃபாத்தெமிதான் முடியாட்சி இனி வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். மொசாதேக் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. அரசியலமைப்பைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவர். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. 1954 நவம்பரில் ஃபாத்தெமியைச் சுட்டுக்கொன்றார்கள். முடியாட்சிக்குப் பழகிப்போன அரசியலமைப்பில் நேர்மையான ஆளுக்கே கை கட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே வழிப்போக்கன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

வழிப்போக்கன்:

கல்வெட்டு அண்ணா, படைதான் முடிவு செய்தது என்றால், அந்தப் படை எப்படி ஷா பக்கம் போனது என்று கேட்க வேண்டும். அதே துணைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு படைகளின் தலைமையை அரசருக்குத் தருகிறது. 1941இலிருந்து 1953 வரை 12 ஆண்டுகள், பிரதமர்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே ஆள் மட்டும் மாறாமல் இருந்தார். அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கொடுத்ததும், விருந்துக்கு அழைத்ததும், அமெரிக்க ஆயுதம் வாங்கித் தந்ததும் அவரே. 1949இல் தன்னைச் சுட முயன்ற சம்பவத்தைப் பயன்படுத்தி மஜ்லிஸைக் கலைக்கும் அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டார். 1952 ஜூலையில் மொசாதேக் போர்த்துறையைக் கேட்டதும் ஷா மறுத்ததும், அவர் விலகியதும், தெருவில் மக்கள் செத்து அவரைத் திரும்பக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். சண்டையே படை யாருடையது என்பதுதான். நான்கு ஆண்டில் இறங்கிப் போகிற தலைவருக்கு, 21 வயதில் ஏறி வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிறவரைப் போல அதிகாரிகள் விசுவாசம் காட்டமாட்டார்கள்.

இனி 1941. ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனும் சோவியத்தும் உள்ளே நுழைந்தன. சில நாட்களில் படை கலைந்தது. செப்டம்பர் 16 அன்று ரெசா ஷா விலகினார். பம்பாயில் கால் வைக்கக்கூட விடாமல் கப்பலை மொரிஷியஸுக்குத் திருப்பினார்கள், பிறகு ஜோகன்னஸ்பர்க். பிரிட்டிஷார் பழைய கஜார் வாரிசையே மறுபடி உட்கார வைக்கலாமா என்றுகூடப் பார்த்தார்கள். அந்த இளைஞருக்குப் பாரசீகம் பேச வராது! கடைசியில் பிரதமர் ஃபொரூகி சாமர்த்தியமாக மகனை மஜ்லிஸில் சத்தியம் செய்ய வைத்தார்.

என் குடியரசில் அந்த நாளில் என்ன நடக்கும்? ரெசா போய்விட்டார். வாரிசு என்று யாரும் கிடையாது. மஜ்லிஸ் ஒருவரைத் தேர்ந்தே ஆக வேண்டும். எந்தத் தளபதிக்கும் படை மிஞ்சவில்லை. சதுரங்கம் சொல்லும் சிரியா வழி அந்த மாதத்தில் மட்டும் அடைபட்டிருக்கிறது. ஃபொரூகியே தலைவராவார் என்று வைக்கிறேன். கற்றவர், இரு பக்கமும் பேசத் தெரிந்தவர். 1942 நவம்பரில் அவர் இறந்துவிடுவார். அப்போது மறுபடியும் தேர்தல். பதினான்கு மாதங்களில் இரண்டு முறை, சுடாமல், அதிகாரம் கை மாறியிருக்கும். ஈரான் அரசியலுக்கு அந்த அனுபவம் ஒருபோதும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

பனையோலை:

ஃபொரூகி தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே மொதர்ரெஸுக்கு ஒரு நியாயம் செய்ய விரும்புகிறேன். இந்தப் பேச்சில் அவர் முட்டுக்கட்டை போட்ட முல்லாவாகவே தெரிகிறார்.

1925 அக்டோபர் 31 அன்று கஜார் வம்சத்தை நீக்கும் தீர்மானம் வந்தபோது அதையும் அவர் எதிர்த்தார், சட்டவிரோதம் என்று சொல்லி வெளியேறினார். மொசாதேக், தகிசாதே, அலா, தௌலதாபாதி நான்கு பேரும் எதிர்த்துப் பேசினார்கள். அன்றைய மொசாதேக்கின் வாதம் மிக எளிது. ரெசா கான் நல்ல பிரதமர். அரசரானால், சட்டப்படி அவர் பொறுப்பற்றவர், எதிலும் தலையிட முடியாது, அப்போது நாடு ஒரு நல்ல பிரதமரை இழக்கும். தலையிட்டால் அரசர், பிரதமர், தளபதி எல்லாம் ஒரே ஆள், அது சர்வாதிகாரம். சுலைமான் மிர்சாவும் இரண்டு சோஷலிஸ்டுகளும் டிசம்பரில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். குடியரசுக்குக் கை தூக்கியவர் புது வம்சத்துக்குத் தூக்கவில்லை.

மொதர்ரெஸைப் பிறகு காஃப் என்ற பாலைவன ஊரில் வருடக்கணக்கில் அடைத்து வைத்து, 1937இல் கொன்றார்கள். 1924இல் அவர் தடுக்க நினைத்தது ஒரு தனிமனிதனின் ஆட்சியை. குடியரசைத் தடுத்தார், அந்த மனிதனைத் தடுக்க முடியவில்லை. அவரும் சுலைமான் மிர்சாவும் ஒரே ஒரு வாரம் ஒரு மேசையில் உட்கார்ந்து, 2ஆம் பிரிவை வைத்துக்கொண்டே குடியரசு, தலைவருக்குப் படை கிடையாது என்று பேசி முடித்திருந்தால்? வழிப்போக்கன், உங்கள் வரலாற்றை அங்கிருந்து தொடங்குங்கள். தலைவராக ரெசா வேண்டாம். அவர் பிரதமராகவே இருக்கட்டும்.

சதுரங்கம்:

பனையோலை ஐயா சொல்வது அழகான யோசனை, ஆனால் தன்னிடம் படை இருக்கும்போது ரெசா கான் அதற்கு ஏன் சம்மதிப்பார்? 1925 பிப்ரவரியில் மஜ்லிஸே படைத்தலைமையை அவருக்குக் கொடுத்தது. கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

1941க்குப் பிறகான வழிப்போக்கனின் வரிசை எனக்கு அதைவிட நம்பும்படி இருக்கிறது. ஆனால் அடுத்த படியையும் எழுதுங்கள். 1944இல் 14ஆவது மஜ்லிஸ். தெஹ்ரானில் முதலிடத்தில் ஜெயித்து மொசாதேக் வருகிறார். பாலஸ்தீனத்தில் இருந்து திரும்பிய சையத் ஜியாவும் யஸ்தில் இருந்து வருகிறார். 1921 கவிழ்ப்பின் பங்காளி. அவருடைய தேர்வுச் சான்றை மொசாதேக் எதிர்த்தார், மஜ்லிஸ் ஜியாவை ஏற்றுக்கொண்டது. அதே மஜ்லிஸ்தான் உங்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. பிரிட்டிஷ் ஆதரவு, நிலக்கிழார்கள் ஆதரவு எல்லாம் ஜியா பக்கம். 1944இல் தலைவர் ஜியா. பிறகு எண்ணெய் தேசியமயமாவது எப்படி?

கல்வெட்டு:

மார்ச்சில் தேர்தல் நடந்தால் ஜியா. நவம்பரில் நடந்தால் அவ்வளவு உறுதியில்லை. அந்த இலையுதிர் காலத்தில் சோவியத் வட ஈரானின் எண்ணெயைக் கேட்டது, பிரதமர் சாஎத் விழுந்தார். ஜியாவைச் சோவியத் ஒருபோதும் விடாது, வடக்கில் அதன் படை நிற்கிறது. அப்போது உறுப்பினர்கள் மொசாதேக்கைத்தான் பிரதமராகக் கேட்டார்கள். பதவி போனால் மஜ்லிஸ் இடத்துக்குத் திரும்ப அனுமதி வேண்டும் என்றார், தரவில்லை, அவரும் ஏற்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், வெளிநாட்டாரோடு எண்ணெய்ச் சலுகை பேசுவதையே தடை செய்யும் சட்டத்தை அதே மஜ்லிஸில் அவர் நிறைவேற்றினார். ஆக வாக்கு அவருக்கு இருந்தது.

வழிப்போக்கன், ஃபொரூகி இறந்ததும் வருகிற தலைவரின் காலத்தை 1944 நவம்பரில் முடியும்படி வையுங்கள். இரண்டு ஆண்டுத் தவணை. 1906 சட்டத்தில் மஜ்லிஸுக்கே இரண்டு ஆண்டுதான், ஆகவே அது வலிந்து செய்ததாக இருக்காது. அந்தத் தேர்தலில் மொசாதேக் நின்றால் ஜெயிப்பார் என்றே நினைக்கிறேன். நிற்பாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான், மஜ்லிஸ் இடத்தை அவர் விடமாட்டார்.